மூன்றாவது அறிவிப்பு

பாதிரியார் போனில் கேட்டபோது யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் சரி சொன்னது தப்போ என்று தோன்றியது.

அவர் கேட்டது பெரிய விஷயமில்லை. ரயில் நிலையத்துத் தீ விபத்து நடந்து வருகிற வெள்ளிக்கிழமையோடு ஒரு வருஷம். இறந்துபோன நூற்று அறுபத்து மூன்று பேருக்காக மூன்று மதத்தாரும் சேர்ந்து பள்ளிக்கூட மண்டபத்தில் பிரார்த்தனை வைக்கிறார்கள். அது முடிந்ததும் குடும்பத்தார் மனம் விட்டுப் பேச ஒரு மணி நேரம். காது கேளாதவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள், அவர்களுக்குச் சைகையில் சொல்ல ஆள் வேண்டும். இந்த ஊரில் அந்த வேலை பார்ப்பவர்கள் இரண்டே பேர். இன்னொருத்திக்குப் போன வாரம்தான் குழந்தை பிறந்திருந்தது.

பதினேழு வருஷமாக எனக்கு இதுதான் தொழில். ஆஸ்பத்திரி, கோர்ட்டு, பள்ளிக்கூடம், எங்கே கூப்பிட்டாலும் போவேன். வாயால் பேசுகிறவர் சொல்வதைக் கையால் சொல்வேன். கையால் பேசுகிறவர் சொல்வதை வாயால் சொல்வேன். இதில் ஒரு கறாரான விதி உண்டு. அவர் "எனக்குப் பசிக்குது" என்று கையில் சொன்னால் நானும் "எனக்குப் பசிக்குது" என்றுதான் சொல்ல வேண்டும். "அவருக்குப் பசிக்குதாம்" என்று சொல்லக் கூடாது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

அப்படித் தோன்றியதற்குக் காரணம் என் வீட்டுக்காரர்.

அவர் அந்த ரயில் நிலையத்தில் பதினான்கு வருஷம் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது எவ்வளவு தாமதம் என்று ஒலிபெருக்கியில் கேட்டதெல்லாம் அவர் குரல். அன்று காலை சுரங்கப் பாதையில் புகை கிளம்பியதும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு தாள் வந்தது. "பயணிகள் பதற்றப்பட வேண்டாம். அவரவர் இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருக்கவும். உதவி வந்துகொண்டிருக்கிறது." மூன்று முறை படித்தார். சுரங்கப் பாதையில் இருந்தவர்கள் அதைக் கேட்டு நின்றார்கள். அப்படி நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளியே வரவில்லை. நாடு முழுக்கக் கொடியை அரைக் கம்பத்துக்கு இறக்கினார்கள்.

விசாரணைக் குழு இவர் மீது தவறில்லை என்று எழுதிக் கொடுத்தது. தாளை அனுப்பிய அதிகாரிக்கு வேலை போயிற்று. இவரைப் பார்சல் பிரிவுக்கு மாற்றினார்கள். இவர் முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் குரல் ஊருக்கே தெரியும். அன்று யாரோ செல்போனில் எடுத்த வீடியோவில் பின்னணியில் அந்த அறிவிப்பு கேட்கும். அதை டிவியில் சலிக்கச் சலிக்கப் போட்டார்கள். ஒருநாள் பஸ்ஸில் டிக்கெட் கேட்டிருக்கிறார். முன்சீட்டுக்காரர் திரும்பி, "இந்தக் குரலை எங்கேயோ..." என்று இழுத்ததும் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி வீடு வரைக்கும் நடந்தே வந்துவிட்டார். அன்றிலிருந்து கடையில் விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவார். வீட்டிலும் எண்ணி நாலு வார்த்தை. கால் மட்டும் ஒரு இடத்தில் நிற்காது. ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து வாசல். சாப்பாட்டு நடுவில் எழுந்துபோய்க் குழாயை மூடினோமா என்று பார்த்துவிட்டு வருவார்.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க" என்றேன்.

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எந்தக் கூட்டம் என்று கேட்கவில்லை. "போயிட்டு வா. நல்ல காரியம்தானே" என்றார். தேய்த்த காலரையே மறுபடியும் தேய்த்தார்.

"முடியாதுன்னு சொல்லிடட்டுமா?"

"எதுக்கு? நானும் வரேன்."

"நீங்க எதுக்குங்க?"

"பின்னாடி உக்காந்துக்கறேன். வாயத் திறக்க மாட்டேன். போதுமா?"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் அறையில் கூடினோம். கோயில் குருக்கள், பள்ளிவாசல் மௌலவி, பாதிரியார், நான். பாதிரியாருக்கு எதையும் பட்டியல் போட்டால்தான் நிம்மதி. தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். முதல் பிரார்த்தனை யாருடையது என்பதிலேயே அரை மணி நேரம் போயிற்று. மூன்று பேரும் "நீங்க முதல்ல, நீங்க முதல்ல" என்று விட்டுக்கொடுத்தார்கள். விட்டுக்கொடுப்பதை மட்டும் யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கடைசியில் மௌலவிதான், "யாரு சுருக்கமா முடிப்பாங்களோ அவங்க முதல்ல. அந்தக் கணக்குப்படி ஃபாதர் கடைசி" என்றார். பாதிரியாரே சிரித்துவிட்டார்.

பிரார்த்தனைகளை அர்த்தத்தோடு எழுதித் தரச் சொன்னேன். எனக்குப் புரியாததை என் கை சொல்லாது. குருக்கள் மளமளவென்று மந்திரத்தை எழுதினார். அர்த்தம் எழுதும்போது மூன்றாவது வரியில் பேனா நின்றது.

"நாப்பது வருஷமா சொல்றேம்மா. இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும்... வீட்டுல புத்தகத்தப் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேனே" என்றார் கூச்சத்துடன்.

அடுத்தது பேசுகிற நேரம். குருக்களுக்கு அதில் விருப்பமே இல்லை. "கும்பிட்டுட்டு அனுப்பிடலாம் ஃபாதர். பேச விட்டா கைகலப்புல போய் நிக்கும்."

"ஒரு வருஷமா கும்பிட்டுக்கிட்டுத்தான் சாமி இருக்கோம். ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேசத்தான் இல்ல" என்றார் பாதிரியார். ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று பட்டியலில் எழுதிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் யார் என்று அங்கேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட இடத்தில் நாங்கள் நிற்கக் கூடாது. அதுவும் விதிதான். சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பாதிரியார், "நீங்க மட்டும் இல்லாட்டி அவங்க சுவத்தப் பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கணும் சிஸ்டர்" என்றார். விழுங்கிவிட்டேன்.

மறுநாள் மதியம் கட்டிங் மாஸ்டரின் தையல் கடைக்குப் போனேன். காது கேளாதவர்களில் அவர்தான் அன்று பேசப் போகிறவர். ஐம்பது வயது. பிறவியிலேயே காது கேட்காது. எட்டு மடிப்புத் துணியை ஒரே வெட்டில் கோணாமல் வெட்டுவார். அவர் மனைவி காது கேட்கிறவர். அந்தச் சுரங்கப் பாதையில் இறந்துபோனார். மாஸ்டர் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'வளையல்'. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் கண்ணாடி வளையலைக் கழற்றாமல் மேடையேறிவிட்டேன். நான் கையை வீசியதில் இரண்டு உடைந்து மாப்பிள்ளை மடியில் விழுந்தன. அன்றிலிருந்து அவர்கள் எல்லாருக்கும் நான் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினால் தெரிகிற ஆள்.

பிரார்த்தனைத் தாள்களைக் காட்டினேன். மூன்றிலும் 'எங்களைக் கேளும்', 'எங்கள் குரலுக்குச் செவி கொடும்' என்று வந்தது. மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எங்க ஆளுங்களுக்கு 'கேளு'ன்னு போடாதே வளையல். 'எங்களப் பாரு'ன்னு போடு. கடவுளுக்குக் கண்ணு இல்லாமலா போயிடும்?" என்றன அவர் கைகள்.

பிறகு சிரிப்பு போய்விட்டது. தான் பேசப் போவதைச் சொன்னார்.

"என் கை அவ கையிலதான் இருந்துச்சு. புகையப் பாத்ததும் நான் இழுத்தேன். அவ நின்னுட்டா. காதத் தொட்டா. மேல ஸ்பீக்கரக் காட்டினா. நிக்கச் சொல்றாங்கன்னா. நான் மறுபடி இழுத்தேன். பின்னாலிருந்து கூட்டம் தள்ளிடுச்சு. நான் படிக்கட்டுல வந்து விழுந்தேன், அவ அங்கேயே நின்னா. இருபத்திரண்டு வருஷம் என் கைய நம்பினவ. அன்னைக்கு ஒரு குரல நம்பிட்டா." மேசை மேல் கிடந்த துணித் துண்டை ஓரமாகத் தள்ளினார். "நீ காது கேக்கறவ. அந்த ஸ்டேஷனுக்குப் போயிருப்பே. அந்தக் குரல் எப்படி இருக்கும்? அப்படி என்ன அதுல இருந்துச்சு?"

அந்தக் குரலுக்காகத்தான் நான் கழுத்தை நீட்டினேன். பெண் பார்க்க வந்த அன்று அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தவள் நான்.

"சாதாரணக் குரல்தான் மாஸ்டர்" என்று கையைக் காட்டினேன்.

"சாதாரணம்னா?"

"தெரியல."

என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார்.  வீட்டுக்கு வந்து, "வெள்ளிக்கிழமை நீங்க வர வேண்டாங்க" என்றேன். காரணம் கேட்டார். மாஸ்டர் பேசப் போவதை என்னிடம் நம்பிச் சொன்னார், அதை வெளியே சொல்லக் கூடாது. "சும்மாதான்" என்றேன். "சும்மான்னா வரேன்" என்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. மாணவர்கள் உட்காரும் குட்டை நாற்காலிகள். பெரியவர்கள் முழங்காலை மடக்கி வைக்க இடமில்லாமல் நெளிந்துகொண்டிருந்தார்கள். முன் வரிசையில் மாஸ்டரும் அவர் கூட்டமும். அவர்களோடு ஒரு கல்லூரிப் பெண். காதில் கருவி மாட்டியிருந்தாள், அரைகுறையாகக் கேட்கும், உதட்டசைவையும் படிப்பாள். என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதே தப்பு. எழுந்து சுவரோரம் நின்றார், திரும்ப உட்கார்ந்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார்.

பிரார்த்தனைகள் நன்றாகவே நடந்தன. முதலில் மௌலவி கையேந்தினார். அடுத்துக் குருக்கள். அந்த மூன்றாவது வரி வந்தபோது என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், அர்த்தத்தைக் கண்டுபிடித்துக் காலையில் போன் செய்திருந்தார். பாதிரியார் சுருக்கமாகவே முடித்ததில் மௌலவிக்கு ஆச்சரியம். ஒவ்வொரு பிரார்த்தனையிலும் 'கேளும்' வந்த இடத்தில் நான் 'பாரும்' என்று இரண்டு விரலைக் கண்ணிலிருந்து எடுத்துக் காட்டினேன். முன் வரிசை மொத்தமும் என் விரலோடு மேலே பார்த்தது. பிறகு ஒரு நிமிஷ மௌனம். மௌனம் தொடங்கியதைச் சைகையில் ஒருமுறை காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். பின்னாலிருந்து ஒரு நாற்காலி மட்டும் கிரீச் கிரீச்சென்றது. யாருடையது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பேசுகிற நேரம் வந்தது. மகளைப் பறிகொடுத்த ஒரு அம்மா முதலில் எழுந்து, அவள் செருப்பு மட்டும் கிடைத்ததைச் சொன்னார். தம்பியை இழந்த வாத்தியார் ஒருவர், எந்த மதத்துக்காரர் தன் தம்பியைத் தூக்கி வெளியே கிடத்தினார் என்று தெரியவில்லை, தெரிந்தால் நன்றி சொல்வேன் என்றார். அடுத்தது மாஸ்டர். அவர் மேடையோரம் வந்து சபையைப் பார்த்து நின்றார். நான் மைக்கை வாங்கிக்கொண்டு அவர் கைகள் தெரியும்படி எதிரே போய் நின்றேன்.

"என்னக் காப்பாத்தினது எனக்குக் காது கேக்காதது" என்று அவர் கைகள் சொல்ல, என் வாய் சொன்னது. "என் மனைவியக் கொன்னது அவளுக்குக் காது கேட்டது."

 அவர் என்னிடம் கடையில் சொன்னதையெல்லாம் சொன்னார். நான் 'என் மனைவி' என்றேன், 'நான் இழுத்தேன்' என்றேன், 'அவ நின்னா' என்றேன்.  பிறகு அவர் பெரியவர்கள் மூவரையும் பார்த்தார்.

"நீங்க மூணு பேரும் கடவுள்கிட்டக் கேட்டீங்க. நான் கேக்கறது கடவுள்கிட்ட இல்ல. அந்தப் பொய்க்காரன்கிட்ட. மைக்குல பேசின அந்தப் பொய்க்காரன் இந்த ஊர்லதான் இருக்கான். அவன நான் அடிக்க மாட்டேன். ஒரே ஒரு கேள்வி கேக்கணும், அந்தக் குரல்ல அப்படி என்ன இருந்துச்சுன்னு."

அவர் கை அப்படித்தான் சொன்னது. என் வாயிலிருந்து வந்ததோ, "நான் கேக்கறது அந்த அறிவிப்பாளர்கிட்ட. மைக்குல பேசின அவர் இந்த ஊர்லதான் இருக்கார்" என்று. மற்றதையும் அந்தக் கேள்வியையும் அப்படியே சொன்னேன்.

பதினேழு வருஷத்தில் யாரும் கேட்காமல் நான் மாற்றிச் சொன்ன முதல் வார்த்தை அந்த 'அறிவிப்பாளர்'. தானாக வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது.

முன் வரிசையில் அந்தக் கல்லூரிப் பெண் சட்டென்று எழுந்தாள். மாஸ்டரைப் பார்த்துக் கையை வீசினாள். "அவங்க மாத்திட்டாங்க. நீங்க பொய்க்காரன்னு சொன்னீங்க. அவங்க சொல்லல."

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "ஏன் மாத்தினே?"

கூட்டத்துக்கு எதுவும் புரியவில்லை. பாதிரியார், "என்ன சொல்றார் சிஸ்டர்?" என்றார். விதிப்படி அதையும் நான் சொல்ல வேண்டும். மைக்கில், என் குரலில், என்னையே கேட்டேன்: "ஏன் மாத்தினே?"

கேட்டுவிட்டு நின்றேன். பதில் சொல்ல வேண்டியதும் நான்தான். கையைத் தூக்கினேன், விரல்கள் கூடவில்லை. என் வீட்டுக்காரரின் ரகசியத்தை நான் எப்படிச் சொல்வது? கடைசி வரிசையைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்றிருந்தார்.

"அவள விடுங்க. பேசினது நான்தான்."

மைக் இல்லாமலே அந்தக் குரல் மேடை வரை வந்தது. அந்த மண்டபத்தில் அதை அடையாளம் தெரியாதவர்கள் முன் வரிசையைத் தவிர யாரும் இல்லை. மகளை இழந்த அம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார். "அவன்தான்! அதே குரல்!" என்று யாரோ கத்தினார்கள். நாற்காலிகள் சரிந்தன. நாலைந்து பேர் பின் பக்கம் ஓடினார்கள். குருக்கள் மேடையிலிருந்து குதித்த வேகத்தை இப்போதும் நினைத்தால் ஆச்சரியம்தான். ஆட்களை விலக்கிக்கொண்டு போய் என் வீட்டுக்காரருக்கு முன்னால் நின்றுகொண்டார். பாதிரியார் கைகளை உயர்த்தி, "ஜெபிப்போம், எல்லாரும் ஜெபிப்போம்" என்று ஆரம்பித்தார். மௌலவி அவர் கையைப் பிடித்து இறக்கினார்.

"இப்ப வேண்டாம் ஃபாதர். அவர் பேசட்டும். இதுக்குத்தானே கூட்டினோம்?"

என் சட்டைக் கையை யாரோ இழுத்தார்கள். மாஸ்டர். அந்த ஆர்ப்பாட்டத்துக்கு நடுவில் அவருக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்பியதைத்தான் பார்த்திருக்கிறார். "என்ன நடக்குது? யாரு அது? சொல்லு."

அவருக்கு அப்போது என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. மைக்கைக் கீழே வைத்தேன். முதலில் என் சொந்தப் பேச்சு என்று காட்டினேன். "நீங்க தேடற ஆள் அவர்தான். அவர் என் புருஷன். நான் மாத்தினது அதுக்காக." அவர் முகம் இறுகியது. அடுத்துச் சொன்னேன்: "இனி அவர் பேசறத அப்படியே சொல்றேன். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

அவர் தலையை ஆட்டினார். என் வீட்டுக்காரர் நடுவழியில் நடந்து வந்தார். குருக்கள் பக்கத்திலேயே வந்தார். மாஸ்டருக்கு எட்டடி தூரத்தில் இருவரும் நின்றார்கள்.

"என் குரல்ல என்ன இருந்துச்சுன்னு கேட்டீங்க" என்றார் அவர். நான் கையில் சொன்னேன். "ஒண்ணுமே இல்லங்க. பதினாலு வருஷம் பழகின பழக்கம். வண்டி லேட்டுன்னாலும் சரி, வண்டியே இல்லன்னாலும் சரி, ஒரே மாதிரி படிக்கணும். கேக்கறவங்க பதறக் கூடாது. என் ரூம்ல ஜன்னல் கிடையாது. கீழ என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி படிச்சேன். நல்லாவே படிச்சேன்."

'நான்' என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் என் விரல் என் நெஞ்சைத் தொட்டது.

மாஸ்டரின் கைகள் நிதானமாக எழுந்தன. நான் வாயால் சொன்னேன்: "மூணு தடவ படிச்சதா பேப்பர்ல போட்டிருந்தாங்க. மூணாவது தடவ படிக்கும்போதும் உனக்கு ஒண்ணும் தெரியாதா? புகை வாசன வரலியா?"

எளிதான கேள்விதான். விசாரணைக் குழுவிலும் கேட்டார்கள், இல்லை என்று சொல்லியிருக்கிறார். என்னிடமும் அப்படித்தான் சொன்னார். அவர் இல்லை என்று சொல்லப் போகிறார் என்று என் கை அதற்கான சைகைக்குத் தயாராகப் பாதி எழுந்திருந்தது.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துச்சு" என்றார்.

என் கை அந்தரத்தில் நின்றது.

"ஒயர் வர்ற ஓட்டை வழியா வந்துச்சு. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல. ரப்பர் கருகற மாதிரி. நான் எழுந்து கதவத் திறந்து பாத்திருக்கலாம். ஓடுங்கன்னு சொல்லியிருக்கலாம். மைக் என் கையிலதான் இருந்துச்சு. மாத்திச் சொன்னா பதற்றம் வரும்னு நினைச்சேன்னு ஒரு வருஷமா எனக்கே சொல்லிக்கிட்டிருக்கேன். அதுவும் பொய். நான் எதுவும் நினைக்கல. தாள்ல மூணு தடவன்னு போட்டிருந்தது. படிச்சேன்."

ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னேன். அந்த ஒவ்வொன்றையும் நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். ஒரு வருஷமாக அக்கம்பக்கத்தில், உறவுக்காரர்களிடம், என் அம்மாவிடம், "அவர் மேல என்ன தப்பு, அவருக்கு என்ன தெரியும்?" என்று வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போட்டவள் நான். 

மாஸ்டர் என் கைகளிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். பிறகு, "போதும்" என்றார். என்னைப் பார்த்து, "நீயும் போதும். இனிமே எனக்குப் பேச நீ வராதே" என்றார். அதையும் மைக் இல்லாமல் உரக்கச் சொன்னேன். சொல்லியாக வேண்டுமே.

கூட்டம் முடித்து வைக்கப்படவே இல்லை. பாதிரியாரின் பட்டியலில் கடைசியாக மூவரும் சேர்ந்து ஆசி சொல்வது என்று இருந்தது. அதற்கு யாருக்கும் வாய் வரவில்லை. சிலர் எழுந்து போனார்கள். போகிற போக்கில் ஒருவர் என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே காறித் துப்பினார், எச்சில் குருக்களின் மேல்துண்டில் விழுந்தது. குருக்கள் துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். சிலர் போகாமல் அங்கங்கே கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். அந்த அம்மா காதிலிருந்து கையை எடுத்துவிட்டு வாத்தியாரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். ஏழு மணி வரைக்கும் வாட்ச்மேன் விளக்கை அணைக்க முடியாமல் நின்றாராம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "என்கிட்டகூட சொல்லலையே நீங்க?"

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ ஒருத்திதான் என்ன நம்பிக்கிட்டு இருந்தே."

"அந்த மனுஷன் பொண்டாட்டியும் உங்கள நம்பித்தாங்க நின்னுச்சு."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அள்ள முடியுமா? அவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனார். ஒரு வருஷத்தில் அப்படி அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மடித்த துணிகளைப் பிரித்துத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை மௌலவி ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றார். "நான் புத்தி சொல்ல வரல. விசாரணை ஆபீசுக்குப் போறதா இருந்தா வண்டி இருக்கு. போறதா இல்லன்னா ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சிட்டுப் போறேன்" என்றார். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். புது வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறார்கள். அடுத்த மாதம் மறுவிசாரணை. நானும் எங்கள் சைகை மொழிபெயர்ப்பாளர் சங்கத்துக்கு நடந்ததை எழுதிப் போட்டேன். ஆறு மாதம் மேடையேறக் கூடாது என்று பதில் வந்தது. நியாயம்தான்.

அந்த வாரக் கடைசியில் தையல் கடைக்குப் போனேன். மாஸ்டர் துணி வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், நிறுத்தவில்லை. முழுத் துணியும் வெட்டி முடியும் வரை ஓரமாக நின்றேன். கடைசியில் கத்தரிக்கோலை வைத்தார்.

"அன்னைக்குக் குரலப் பத்திக் கேட்டப்போ பொய் சொன்னேன். மன்னிச்சிடுங்க மாஸ்டர்" என்றேன்.

அவர் வேறொன்று கேட்டார். "புகை வாசன வந்தது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்குச் சொன்னேனே, அப்பதான் எனக்கும் தெரியும்."

என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. "மறுவிசாரணைக்கு வெளியூர்லேருந்து வேற ஆள் வராங்க. நான் எல்லாத்தையும் திரும்பச் சொல்லுவேன். பொய்க்காரன்னுதான் சொல்லுவேன்."

"சொல்லுங்க."

"நீ வருவியா?"

"அவர்கூட வந்து பின்னாடி உக்காந்திருப்பேன்."

அவர் ஏதோ சொல்லக் கை தூக்கினார். அதற்குள் ஒரு வாடிக்கையாளர் பேண்ட் துணியோடு உள்ளே வந்தார். என் கைகளைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, நேரே என்னிடம், "நீங்களே சொல்லிடுங்களேன். இடுப்பு கொஞ்சம் தாராளமா வேணும், நாளைக்கே வேணும்" என்றார்.

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி அந்த மனிதரிடம் கொடுத்தார். அவர் குழப்பத்தோடு வாங்கிக் குனிந்து எழுத ஆரம்பித்தார். நான் படியிறங்கி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.